கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பங்கின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பங்கின், அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள உங்கள் கத்தோலிக்கச் சமூகத்தின், ஜூபிலி விழாவுக்கு மலர் போடப் போகிறீர்கள். ஊர்ப் பெரியவர்கள், "அருளானந்தர் சாமியே வந்து நம்ம பாட்டன் பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்" என்கிறார்கள். ஜான் தெ பிரிட்டோ என்ற இயேசு சபை (ஜெசுவிட்) குருவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கோயில் முகப்புக் கல்லில் ஓர் ஆண்டு இருக்கிறது, மறைமாவட்டக் (ஆயரின் ஆளுகைப் பகுதி) கையேட்டில் வேறொன்று. இரண்டுக்கும் முப்பது ஆண்டு இடைவெளி. எதை அச்சிடுவது என்று குழுவுக்குள் மனத்தாங்கலே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே பார்த்தால் "எங்கள் பங்கு எவ்வளவு பழையது" என்ற ஒரே கேள்விதான். ஆனால் உங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் எப்போது வந்தார்கள், முதல் ஜெபக்கூடம் எப்போது எழும்பியது, சாமியார் எப்போது ஊரிலேயே தங்க ஆரம்பித்தார், இப்போதுள்ள கோயில் எப்போது கட்டப்பட்டது என்று நான்கு கேள்விகள் இதற்குள் சேர்ந்து கிடக்கின்றன. பெரும்பாலும் இந்த நான்குக்கும் நான்கு விடை. சண்டை போடுகிற இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம்.

நான் சில ஆண்டுகள் குருமடத்தில் படித்தவன். குருவாகவில்லை, அங்கே கற்ற லத்தீன் மட்டும் கையோடு வந்தது. அப்புறம் இருபத்தைந்து ஆண்டுகளாக, மதுரைப் பக்கத்துப் பங்குகளில் யாராவது மலர் போடும்போது பழைய பதிவேடுகளை வாசித்துச் சொல்லும் வேலை தானாக என்னிடம் வந்து சேர்கிறது. உங்கள் ஊர் ஏட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே ஆண்டு இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். எதை நம்பலாம், எதைச் சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாத எலும்புக்கூடு. தத்துவ போதகர் என்று நாம் சொல்லும் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். பழைய மதுரை மிஷன் அங்கிருந்து வளர்ந்தது. 1759-ல் போர்ச்சுகல் தன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களிலிருந்து இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773-ல் பாப்பரசர் அந்தச் சபையையே கலைத்தார். அதன் பிறகு புதுச்சேரியிலிருந்து பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களும், கோவா சாமியார்களும் முடிந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு மதுரைப் பகுதி கேரளத்தில் உள்ள கொடுங்கல்லூர் பேராயத்துக்கு உட்பட்டது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு மலைக்கு அந்தப் பக்கமிருந்து குரு வந்ததாக யாராவது சொன்னால் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். 1814-ல் இயேசு சபை மீண்டும் உயிர் பெற்றது. 1838-ல் பெர்த்ராண்டு சாமியார் தலைமையில் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மண்ணுக்கு வந்தார்கள். 1886-ல் ரோமும் போர்ச்சுகலும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டில் இந்தியாவில் மறைமாவட்டங்கள் முறையாக ஏற்பட்டன, உங்கள் பகுதி திருச்சிராப்பள்ளியின் கீழ் வந்தது. 1938-ல் மதுரை தனி மறைமாவட்டம் ஆனது, 1953-ல் உயர்மறைமாவட்டம். உங்கள் பங்கின் கதை எதுவானாலும் இந்தச் சட்டகத்துக்குள் உட்கார வேண்டும். உட்காராத ஆண்டு வந்தால் எங்கோ பிசகு இருக்கிறது.

சரி, அருளானந்தர் கதைக்கு வருவோம். அவர் 1647-ல் லிஸ்பனில் பிறந்தார், 1673-ல் இந்தியாவுக்கு வந்தார், 1693 பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். இவை உறுதி. அவர் கால் பட்ட ஊர் என்று சொல்லிக்கொள்ள எல்லா ஊருக்கும் ஆசை, அதில் தப்பில்லை. ஆனால் 1853-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) 1947-ல் புனிதர் பட்டமும் கிடைத்தன. நான் கேட்ட இப்படிப்பட்ட கதைகளில் பலவும் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் பிறகு வலுத்தவை. முன்பு "பெரிய சாமியார் ஒருத்தர் வந்தார்" என்று மட்டும் இருந்த நினைவுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. எனவே மலரில் "அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றதாக ஊர் மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள்" என்று எழுதுங்கள். அது உண்மை, அப்படித்தான் சொல்கிறார்கள். "ஞானஸ்நானம் பெற்றனர்" என்று எழுத வேண்டுமானால் அவர் காலத்துக் கடிதமோ, மிஷனின் ஆண்டு அறிக்கையோ கையில் இருக்க வேண்டும். தாத்தா சொன்னது அதற்குப் போதாது.

ஆனால் கதை பொய் என்று நீங்கள் எழுந்து போய்விடவும் கூடாது. பெரியவர்கள் உண்மையில் சொல்ல வருவது, "பங்கு ஆவதற்கு வெகு காலம் முன்பே நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்பதைத்தான். இதைச் சோதிக்க வழி உண்டு. அந்த வழி உங்கள் பங்கு இல்லத்து அலமாரியில் இருக்கிறது.

இருப்பதிலேயே பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுங்கள். பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டு, அவர் முன்னிலையிலேயே திறப்பது நல்லது. அட்டை பெரும்பாலும் கழன்றிருக்கும். பழைய மை இரும்புச் சத்து உள்ளது, எழுத்து அழுந்திய இடத்தில் தாளையே அரித்து ஓட்டை போட்டிருக்கும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பாதீர்கள். முதல் பதிவை வாசித்ததும் "இதுதான் ஊரின் முதல் ஞானஸ்நானம்" என்று குதிக்காதீர்கள். அது இந்த நோட்டின் முதல் ஞானஸ்நானம், அவ்வளவுதான். அதற்கு முன் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் வேறொரு தலைமைப் பங்கின் ஏட்டில் இருந்திருக்கும்.

முதல் இருபது பக்கங்களை மெதுவாகப் பாருங்கள். பதிவுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: தேதி, "ஏகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ் பாப்திசாவி", அதாவது கீழே கையெழுத்திட்ட நான் ஞானஸ்நானம் கொடுத்தேன், பிறகு பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத் தாய் தகப்பன் (சடங்கில் பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்பவர்கள்) பெயர், சாமியார் கையெழுத்து. 1614-ல் ரோமில் வெளியான சடங்கு நூல் வகுத்த வாசகத்தை ஒட்டித்தான் உலகம் முழுக்க எழுதினார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெரியவர்களா பச்சைக் குழந்தைகளா என்பதை. பெரியவர்கள் கூட்டமாக, பெற்றோர் பெயர் கிறிஸ்தவப் பெயராக இல்லாமல் வந்தால், ஊர் அப்போதுதான் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்கிறது. மாறாகப் பச்சைக் குழந்தைகளே வரிசையாக வந்து, தகப்பன் இராயப்பன், தாய் சவேரியம்மாள், ஞானத்தகப்பன் சந்தியாகு என்று இருந்தால், அந்தத் தகப்பனும் தாயும் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவர்கள். நோட்டு எந்த ஆண்டில் தொடங்கினாலும் சமூகம் அதைவிட இருபத்தைந்து முப்பது ஆண்டு மூத்ததாக இருக்கலாம் என்று எழுதலாம். அவர்கள் குடிபெயர்ந்து வந்தவர்களாகவும் இருக்கலாம் என்பதால், "இந்த ஊரில்" என்று அழுத்திச் சொல்லும் முன் திருமணப் பதிவேட்டையும் பாருங்கள்.

இன்னொரு தடயம் இதைவிட அழகானது. சில பதிவுகளில் "சுப் கொண்டிசியோனே" என்று இருக்கும். நிபந்தனையோடு கொடுத்த ஞானஸ்நானம் என்று பொருள். "நீ முன்பே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏன்? ஆண்டுக்கு ஒருமுறை சாமியார் வந்துபோன காலத்தில், பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால் உபதேசியாரோ (ஊரில் வேதம் கற்றுக்கொடுப்பவர்) கோயில்பிள்ளையோ (கோயிலைப் பார்த்துக்கொள்பவர்) மருத்துவச்சியோ தாங்களே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். வந்த சாமியாருக்கு அது சரியான வாசகத்தோடு கொடுக்கப்பட்டதா என்று சந்தேகம். அதனால் நிபந்தனை. இந்த இரண்டு சொற்கள் நிறைய வரும் ஏடு, சாமியார் இல்லாமலேயே ஜெபத்தையும் சடங்கையும் காப்பாற்றிய ஓர் ஊரைக் காட்டுகிறது. 1773-க்கும் 1838-க்கும் நடுவே தமிழ்நாட்டு உள்ளூர்களில் வேதம் தங்கியது இந்த உபதேசியார்களால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மலர்களில் பங்குச் சாமியார்களின் புகைப்படம் வரிசையாக வரும், உபதேசியார் பெயர் ஒரு வரியில்கூட வராது. உங்கள் மலரிலாவது வரட்டும். பதிவேட்டில் ஞானத்தகப்பன் என்ற இடத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் அவர்தான் ஆள்.

வாசிக்கும்போது வழுக்கும் இடங்கள் சில உண்டு. மாதப் பெயருக்குப் பதிலாக '7பிரிஸ்' என்று எழுதியிருப்பார்கள். அது ஜூலை இல்லை, செப்டம்பர். ஏழு என்பதற்கு லத்தீனில் 'செப்தெம்', அந்த ஒலியைச் சுருக்கி எழுதியது. அப்படியே எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், பத்து டிசம்பர். ஒரு மலரில் திருவிழாத் தேதியே இதனால் இரண்டு மாதம் தள்ளி அச்சானதைப் பார்த்திருக்கிறேன். பெயர்களிலும் கவனம் தேவை. பெத்ருஸ் என்று இருந்தால் வீட்டில் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யொவான்னெஸ் அருளப்பன், யொசேபுஸ் சூசை. பிரெஞ்சுச் சாமியார் தமிழ்ப் பெயரை எழுதினால் ஒவ்வொரு 'உ'வுக்கும் இரண்டு உயிரெழுத்து போடுவார். 'முத்து' என்ற சின்னப் பெயர் ஒரு முழம் நீளும். போர்ச்சுகீசிய வழக்கில் பழகியவர் ஒற்றை எழுத்தோடு விடுவார். கையெழுத்து படிக்க முடியாமல் போனால்கூட, எழுதியவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஊகம்தான், முடிவு இல்லை.

ஓரக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். 1908 ஈஸ்டர் அன்று நடைமுறைக்கு வந்த ரோமானிய ஆணைப்படி, ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் கல்யாணம் ஆனவர்களின் பெயருக்குப் பக்கத்தில், எந்த ஊரில் யாரோடு என்று பொடி எழுத்தில் இருக்கும். திருமணப் பதிவேட்டோடு சேர்த்துப் படித்தால் உங்கள் ஊர் எங்கே பெண் கொடுத்தது, எங்கே எடுத்தது என்ற வரைபடமே கிடைத்துவிடும். பெண் எடுத்த ஊர்களில் ஒன்று பெரும்பாலும் மூதாதையர் புறப்பட்ட ஊராக இருக்கும். அந்த ஊர்ப் பாதுகாவலரும் உங்கள் பாதுகாவலரும் ஒரே புனிதர் என்றால் ஊகம் இன்னும் வலுக்கும். குடிபெயர்ந்தவர்கள் பானை சட்டியோடு தங்கள் புனிதரையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள்.

பள்ளத்தாக்கு என்பதால் உங்களுக்கென்று தனியாக ஒரு அளவுகோலும் இருக்கிறது. அது பெரியாற்றுத் தண்ணீர். பென்னிகுவிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது. வானத்தைப் பார்த்துக் கிடந்த நிலத்தில் இரண்டு போகம் நெல் விளைந்தது. அதற்கு முன் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதில் ஊர்கள் காலியானதும் மக்கள் பிழைப்புத் தேடிப் போனதும் தென்னாடு முழுக்க நடந்தது. ஆகவே உங்கள் ஏட்டில் ஒவ்வொரு ஆண்டும் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை அடக்கம் என்று எண்ணி, ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பஞ்ச ஆண்டுகளிலும் காலரா வந்த ஆண்டுகளிலும் அடக்கப் பதிவேடு வீங்கியிருக்கும். தண்ணீர் வந்தபின் ஞானஸ்நானம் கூடியிருந்தால், ஊர் பெருத்ததால் பங்கு பிரிந்தது என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிடும். சாமியார் ஊரிலேயே வந்து தங்குவதற்கு, அவருக்கும் பள்ளிக்கும் செலவு தாங்கும் அளவுக்கு ஊரில் விளைச்சல் வேண்டும். அதனால்தான் பங்கின் வயதைத் தேடுகிறவர்களிடம் வாய்க்காலின் வயதையும் பார்க்கச் சொல்கிறேன். அணைக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானதும் 1886-ல்தான், மேலே சொன்ன மறைமாவட்ட ஏற்பாடு நடந்த அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனால் உங்கள் ஊரின் பிற்காலத்தை அந்த ஓர் ஆண்டு இரண்டு பக்கமிருந்தும் எழுதியிருக்கிறது.

திராட்சை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்ற செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உங்கள் குழு அதை "நமது பங்கின் இயேசு சபைக் குரு" என்று எழுதியிருக்கிறது. இதை அப்படியே அச்சிடாதீர்கள். பிரெஞ்சு இயேசு சபையார் இங்கே வந்ததே 1838-ல். 1832 சரி என்றால் அவர் புதுச்சேரி வழியாக வந்த பாரீஸ் சபைக் குருவாக இருக்க வேண்டும். இயேசு சபை சரி என்றால் ஆண்டு தவறு. இரண்டையும் ஒன்றாகக் கட்ட முடியாது. அதோடு தமிழ்நாட்டுக்கு வந்தது என்பதும் உங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தது என்பதும் ஒன்றல்ல. "என்று சொல்லப்படுகிறது" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

கல்லையும் மணியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகப்புக் கல்லில் இருக்கும் ஆண்டு அடிக்கல் போட்டதா, மந்திரித்ததா (ஆசீர்வதித்துத் திறந்ததா) என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பத்தாண்டு போன கோயில்கள் உண்டு. மணியில் வார்த்த ஆண்டு மணியின் வயதைத்தான் சொல்லும், ஒரு கோயிலில் கழற்றிய மணியை இன்னொன்றுக்குக் கொடுப்பது சாதாரணம். கல்லறைக் கல்லில் எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்பு தேய்க்காதீர்கள், கல் கெடும். பொழுது சாய்ந்தபின் போய், டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் ஒன்றுமே தெரியாத கல்லில் எழுத்துப் பள்ளங்கள் நிழலாக எழுந்து வரும். ஒருமுறை அப்படிப் பார்த்தபோது, பெயர் தெரியாது என்று ஊரே விட்டுவிட்ட ஒரு கல்லில் முதலில் ஒரு சிலுவை, அப்புறம் "உபதேசி" என்ற சொல், அதற்குக் கீழே பாதிப் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கூட வந்த பெரியவர் அந்தப் பாதிப் பெயரை வாய்விட்டு வாசித்துவிட்டு, அது தன் பூட்டன் என்றார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது அங்கே இரண்டு வாசலோ நடுச்சுவரோ இருந்த தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் பல பழைய கோயில்களில் சாதிவாரியாக உட்காரும் இடமும் அடக்கம் செய்யும் இடமும் பிரிந்திருந்தன. சில பதிவேடுகளில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டிருக்கும். இதை மலரில் போட்டால் விழா நேரத்தில் சங்கடம் என்று குழு தயங்கும். போடுங்கள் என்றுதான் சொல்வேன். வெளியே உட்கார வைக்கப்பட்டவர்களின் பாட்டன்மார்தான் பல ஊர்களில் கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள். அவர்கள் தெருவுக்குப் போய் அவர்கள் வாயால் கேட்டு எழுதாத பங்கு வரலாறு பாதி வரலாறு. பெயர் சொல்லி யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம், இருந்ததை இருந்தபடி எழுதினால் போதும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். வருஷம் அவர்களுக்கு நினைவிருக்காது, உங்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ பூசைக்கு எந்த ஊருக்கு நடந்து போவீங்க?", "உங்க அம்மாவுக்கு எந்தக் கோயில்ல கல்யாணம்?", "பாஸ்கு யார் வீட்டுக் களத்துல நடந்துச்சு?" என்று கேளுங்கள் (பாஸ்கு என்பது இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் நாடகம்). நடந்துபோன ஊரின் பெயர் வந்தால் உங்கள் பழைய தலைமைப் பங்கு கிடைத்துவிட்டது. உங்கள் ஊரின் முந்தைய ஞானஸ்நானங்கள் அந்தப் பங்கின் ஏட்டில் இருக்கும். அங்கேயும் கிடைக்காவிட்டால் மதுரை உயர்மறைமாவட்ட அலுவலகம், அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள இயேசு சபை ஆவணக் காப்பகம். மதுரை மிஷனின் பழைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு, தேடும் ஊர்ப் பெயரைப் பழைய எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றோடும் எழுதிக்கொண்டு போங்கள். நிலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கோயில் பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தின் நகல் கேளுங்கள். ஆயர் பெயரிலோ மிஷன் பெயரிலோ அது பதிவாகியிருக்கும், பங்கின் பெயரில் தேடினால் கிடைக்காது.

மலரின் முதல் பக்கத்தில் ஒரே ஆண்டைத் திணிக்காமல், ஏட்டில் முதல் பெயர் பதிவான ஆண்டு, சாமியார் குடியேறிய ஆண்டு, கோயில் மந்திரித்த ஆண்டு என்று தனித்தனியாகப் போடலாம். ஜூபிலியை எதிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பழைய ஏட்டின் முதல் பத்துப் பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் லத்தீனை நான் படித்துச் சொல்கிறேன். முதல் பக்கத்துக்கு முன்னால் உள்ள வெற்றுத் தாளையும் இரண்டு பக்கமும் எடுங்கள். சில சாமியார்கள் முந்தைய நோட்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதை அங்கேதான் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள்.